டிரெய்லர் கழன்று ஒருவர் பலி: இந்தச் செய்தியில உண்மையிலேயே என்ன நடந்துச்சுன்னு யாருக்காவது புரியுதா?

கேள்வி
எழுதியவர்: பின்வண்டிக்காரன்

வணக்கம் மக்களே. ரெண்டு நாளா இது மனசுல ஓடிட்டே இருக்கு, யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல, இங்க டிரெய்லர் இழுக்கறவங்க வண்டி வேலை பாக்கறவங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

ஒரு விபத்துச் செய்தி படிச்சேன், ஒருத்தர் இறந்துட்டார். செய்தி மொத்தமே ஆறேழு வரிதான். தலைப்புல டிரெய்லர் கழன்று ஓடியதில் ஒருவர் பலின்னு இருக்கு. உள்ள படிச்சா, டிரெய்லரை இழுத்துட்டுப் போன வண்டி கட்டுப்பாட்டை இழந்து எதிர்ப்பக்கம் போயிடுச்சுன்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணு இல்லையே? கழன்றிருந்தா இழுத்த வண்டி அது பாட்டுக்கு நேரா போயிருக்கும், டிரெய்லர் மட்டும்தான் எதிர்ப்பக்கம் பாய்ஞ்சிருக்கும். சரின்னு வேற தளத்துல தேடிப் பாத்தா அங்க டிரெய்லர் லாரி மோதினதா போட்டிருக்காங்க, அதாவது கன்டெய்னர் ஏத்துற பெரிய வண்டி மாதிரி. இன்னொண்ணுல பழுதான வாகனத்தை இழுத்துச் சென்றபோதுன்னு வருது. ஒரே ரோடு, ஒரே நேரம், ஒரே சாவு, ஆனா மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா மூணு தனித்தனி விபத்து மாதிரி இருக்கு.

இறந்தவர் யாருங்கறதுலயே தெளிவு இல்ல. வாகனத்தை ஓட்டி வந்தவர் சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்னு மட்டும் இருக்கு. எந்த வாகனத்தை? இழுத்ததையா, எதிர்ல வந்ததையா? ஒரு போட்டோ போட்டிருக்காங்க, ரோட்டோரப் புல்லுல டிரெய்லர் ஒருக்களிச்சுக் கிடக்குது, அதோட முன்கம்பி வானத்தைப் பாத்து நிக்குது, வேற எதுவும் தெரியல.

நான் ஏன் இதைப் புடிச்சுத் தொங்கறேன்னா, நானும் வாரத்துக்கு ரெண்டு தடவ காருக்குப் பின்னாடி ரெண்டு சக்கர டிரெய்லர் மாட்டி சாமான் ஏத்திட்டுப் போறவன். அஞ்சு வருஷமா இழுக்கறேன், இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல, அதுதான் இப்ப பயமா இருக்கு. ஒரு மனுஷன் செத்திருக்கார், அதுல இருந்து நான் என்ன கத்துக்கணும்னு தேடினா ஒரு வரி கூட கிடைக்கல. கழன்றதா, ஆடினதா, உடைஞ்சதா, லோடு சரிஞ்சதா? கீழ கமென்ட்ல பாத்தா தூங்கிட்டான், குடிச்சிருப்பான்னு ஆளாளுக்கு எழுதியிருக்காங்க, அதைப் படிக்கவே முடியல.

தெரிஞ்சவங்க யாராவது, இந்த மாதிரி செய்தியை எப்படிப் படிக்கணும், எதை வெச்சு எதைப் புரிஞ்சுக்கலாம்னு சொல்லுங்களேன்.


பதில்
எழுதியவர்: பட்டறை மணி

தம்பி, நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க. இருபது வருஷத்துக்கு மேல கார்ல ஹிட்ச், அதாவது டிரெய்லர் இழுக்கற கொக்கி அமைப்பு மாட்டறதும் டிரெய்லர் சேஸிஸ் வெல்டிங்கும்தான் என் பொழப்பு, அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, உங்க மூணு செய்தியில சொல்றதும் மூணு வேற வேற மாதிரி விபத்து. கார் பின்னாடி இருக்கற பால்ல, அதாவது இரும்பு உருண்டையில, மாட்டி இழுக்கற டிரெய்லர் ஒண்ணு. கிங் பின், அதாவது டிரெய்லருக்கு அடியில நீட்டிட்டு இருக்கற தடிச்ச இரும்பு முளை, அதை வெச்சு பூட்டற லாரி டிரெய்லர் இன்னொண்ணு. நின்னுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுக்கறது மூணாவது. மூணுலயும் ஆள் சாகலாம், ஆனா காரணம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. கயிறு கட்டி இழுக்கறப்ப இன்ஜின் ஆஃப்ல இருக்கும், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வர்ற உதவி நின்னுடும், எல்லாம் கல்லு மாதிரி இறுகிடும், பின்வண்டியில உக்காந்திருக்கறவர் பிரேக்கை முழு பலத்தோட மிதிச்சாலும் வண்டி முன்னாடி போய் முட்டும். அதை விடக் கொடுமை, ரெண்டு வண்டிக்கும் நடுவுல கயிறு இருக்கறது தெரியாம பைக்ல குறுக்க பூர்றவங்க. அந்தக் கயிறு இருட்டுல கண்ணுக்கே தெரியாது. செய்தியில இழுத்துச் சென்றபோதுன்னு ஒரு வார்த்தையில போட்டா இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன், கார் டிரெய்லர். இதுல ரெண்டு பெரிய வகை. ஒண்ணு கழல்றது, ரெண்டாவது ஆடிக் கவுக்கறது.

கழல்றதுக்கு நான் பாத்த வரைக்கும் பாதிக்குப் பாதி பால் சைஸ்தான். பால் 1 7/8 இன்ச் இருக்கு, 2 இன்ச் இருக்கு, 2 5/16 இருக்கு. 1 7/8-க்கும் 2-க்கும் வித்தியாசம் 3 மில்லிதான், கண்ணால பாத்தா சத்தியமா தெரியாது. கப்ளர்ங்கறது டிரெய்லர் முன்கம்பி நுனியில பால் மேல உக்கார்ற கிண்ணம். 2 இன்ச் கப்ளரை 1 7/8 பால் மேல வெச்சா சமத்தா உக்காரும், லாக்கும் விழும், டக்குனு சத்தமும் வரும். ஒரு பள்ளத்துல ஏறி இறங்கினா அப்படியே தூக்கிக்கிட்டு வெளிய வந்துடும். பால் தலையிலயும் கப்ளர் மேலயும் சைஸ் அடிச்சிருப்பாங்க, கிரீஸைத் துடைச்சுட்டு பாருங்க. தேய்மானமும் கணக்குதான், 50 மில்லி பால் 49-க்குக் கீழ வந்துட்டா மாத்திடணும்.

மாட்டின பிறகு ஒரு சோதனை இருக்கு, அரை நிமிஷம் கூட ஆகாது. லாக் போட்டுட்டு டிரெய்லரோட முன்சக்கர ஜாக்கியை மறுபடி மேல ஏத்துங்க. காரோட பின்பக்கமும் சேந்து மேல வந்தா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். டிரெய்லர் மட்டும் தனியா எழும்பி வந்தா நீங்க அன்னைக்கு ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க.

ரெண்டாவது, ஆடறது. பாம்பு நெளியற மாதிரி டிரெய்லர் இடமும் வலமும் வீச ஆரம்பிக்கும், ஒவ்வொரு வீச்சும் முந்தினதை விடப் பெருசா இருக்கும், கடைசியில காரையே புடிச்சு சுத்திவிடும். காரணம் பெரும்பாலும் லோடு பின்னாடி இருக்கறதுதான். டிரெய்லர் எடையில 10-ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் பால் மேல இறங்கணும், 1000 கிலோன்னா 100-ல இருந்து 150 கிலோ, உங்க காருக்கு அதுக்குக் கம்மியா உச்சவரம்பு போட்டிருந்தா அதைத் தாண்டக் கூடாது. பின்னாடி பாரம் ஏத்தினா பால் மேல இருக்கற எடை குறைஞ்சு போகும், பக்கத்துல ஒரு பெரிய வண்டி ஓவர்டேக் பண்ணும்போது வர்ற காத்தோ, இறக்கமோ, கொஞ்சம் வேகமோ போதும், ஆட ஆரம்பிச்சுடும். அப்ப மனுஷனுக்குத் தோணுறது பிரேக்கைப் போட்டு மிதிக்கறது, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கறது. ரெண்டும் தப்பு. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு ஸ்டியரிங்கை நேரா புடிச்சுக்கிட்டு இருக்கணும், டிரெய்லருக்குன்னு தனி பிரேக் கன்ட்ரோல் இருந்தா அதை மட்டும் அமுக்கணும்.

உங்க போட்டோவுல முன்கம்பி தனியா வானத்தைப் பாத்து நிக்குதுன்னு சொல்றீங்க, அப்ப கழன்றதுதான்னு எனக்குத் தோணுது. டிரெய்லரையும் காரையும் சேத்துக் கட்டற பாதுகாப்புச் செயின் தொங்குதா பாருங்க. செயின் ரெண்டும் கம்பிக்குக் கீழ குறுக்க மாத்திப் போட்டிருந்தா, கழன்றாலும் கம்பி தரையில குத்தாம அந்தச் செயின் மேலயே விழும், வண்டி பின்னாடியே வந்துடும். 80 கிலோமீட்டர் வேகத்துல போற எதுவும் 25 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்த மாதிரி. எட்டு மாடி மேல இருந்து ஒரு டிரெய்லரை ஒரு கார் மேல போட்டா எப்படி இருக்கும்னு யோசிங்க. அதைத் தடுக்க ரெண்டு செயின், அவ்ளோதான்.


பதில்
எழுதியவர்: பழைய டெஸ்க்

நான் பதினோரு வருஷம் செய்தி டெஸ்க்ல இருந்தவன், இந்த மாதிரி ஆறு வரிச் செய்தி நூத்துக்கணக்குல எழுதியிருக்கேன், அதனால அந்தப் பக்கத்துல என்ன நடக்குதுன்னு சொல்லணும்னு தோணுச்சு. நியாயப்படுத்த இல்ல. நான் எழுதினதுல எத்தனை தப்புன்னு இப்ப நினைச்சா வருத்தமா இருக்கு.

விபத்து நடந்த ஒரு மணி நேரத்துல நமக்குக் கிடைக்கறது போலீஸ் சொல்ற ரெண்டு வாக்கியம். அவங்களும் அப்பத்தான் போயிருப்பாங்க, ரோட்டை கிளியர் பண்றதுலயும் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுலயும் இருப்பாங்க, எது எதுல மாட்டியிருந்துச்சுன்னு பாக்கற நேரம் அது இல்ல. அந்த ரெண்டு வாக்கியத்தை நாங்க ஆறு வரியா நீட்டுவோம். நீட்டறதுக்கு எங்ககிட்ட தயாரா சில சொற்றொடர் இருக்கும். கட்டுப்பாட்டை இழந்து, நிலைதடுமாறி, எதிர்பாராத விதமாக, கண்ணிமைக்கும் நேரத்தில், சுக்குநூறாக. இதுல "கட்டுப்பாட்டை இழந்து" இருக்கே, அது ரொம்ப வசதியான வார்த்தை. யார் மேலயும் குற்றம் சொன்ன மாதிரி இருக்காது, ஆனா படிக்கறவன் மனசுல டிரைவர்தான் தப்புன்னு போய் உக்காந்துக்கும். டயர் வெடிச்சாலும் அதே வார்த்தை, டிரெய்லர் ஆடினாலும் அதே வார்த்தை, மயக்கம் வந்தாலும் அதே வார்த்தை. அதனால செய்தியில அதைப் பாத்தீங்கன்னா, எழுதினவருக்குக் காரணம் தெரியலன்னு மட்டும் எடுத்துக்கங்க.

தலைப்பும் உள்ளயும் முரணா இருக்கறதுக்கும் காரணம் உண்டு. தலைப்பு போடறது வேற ஆள், செய்தி எழுதறது வேற ஆள். செய்தி ரெண்டு மூணு தடவை அப்டேட் ஆகும், தலைப்பு பழசாவே நிக்கும், இல்லன்னா தலைப்பு மட்டும் மாறும்.

அப்புறம் மொழிபெயர்ப்பு. இது எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம். வெளிநாட்டு ஏஜென்சி செய்தி இங்கிலீஷ்ல வரும், பத்து நிமிஷத்துல தமிழ்ல போட்டாகணும். அங்க டிராக்டர் டிரெய்லர்னா பெரிய லாரி, முன்னாடி இழுக்கற இன்ஜின் வண்டிக்குத்தான் டிராக்டர்னு பேரு. அதைத் தமிழ்ல டிராக்டர்னு போட்டுட்டு வயல்ல உழுற டிராக்டர் படத்தை வெச்ச செய்தியை நான் பாத்திருக்கேன். ஃபிப்த் வீல்னா டிரெய்லரைப் பூட்டற வட்டத் தட்டு, அதை ஐந்தாவது சக்கரம் கழன்றதுன்னு எழுதினா படிக்கறவன் ஏதோ டயர் கழன்றதுன்னு நினைப்பான். அந்த வரியை எழுதினது வேற யாரும் இல்ல, நான்தான். பல வருஷம் கழிச்சு ஒரு லாரி டிரைவர் கூட பேசினப்பதான் எனக்கே அது என்னன்னு தெரிஞ்சது. உங்க செய்தியிலயும் ஒரு தளம் டிரெய்லர்னு கேட்டதும் டிரெய்லர் லாரின்னு போட்டிருக்கலாம், நம்ம ஊடகத் தமிழ்ல டிரெய்லர்ங்கறது தனி வண்டியையும் குறிக்கும், லாரியோட சேத்து முழுசையும் குறிக்கும்.

எல்லாத்தையும் விடப் பெரிய குறை, அடுத்த செய்தி வராது. உண்மையான காரணம் வண்டியைப் பரிசோதிச்சு அறிக்கை வர்றப்பதான் தெரியும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும், அதுக்குள்ள டெஸ்க் மறந்திருக்கும். அமெரிக்காவுல 1967-ல தொடங்கின தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்னு ஒண்ணு இருக்கு, அவங்க எடுத்து விசாரிக்கற விபத்துக்கு முதல் கட்ட அறிக்கை, அப்புறம் சாத்தியமான காரணம் என்னன்னு கடைசி அறிக்கைன்னு படிப்படியா வெளியிடுவாங்க. அந்தக் கடைசி அறிக்கையை நஷ்டஈடு வழக்குல சாட்சியா பயன்படுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, ஏன்னா நோக்கம் யாரை மாட்டிவிடறதுன்னு இல்ல, அடுத்தது நடக்காம இருக்கணும்னுதான். ஆனா அவங்களே ரோட்டு விபத்துல ரொம்பக் கொஞ்சத்தைத்தான் எடுக்கறாங்க. மத்ததெல்லாம் அந்த ஆறு வரியோட முடிஞ்சுபோகுது.


பதில்
எழுதியவர்: பதினெட்டு டயர்

மணி அண்ணே, நீங்க சொன்னதுல எல்லாம் ஒத்துக்கறேன், ஒண்ணைத் தவிர. போட்டோவை வெச்சு கழன்றதுன்னு சொல்லாதீங்க. நான் ஹெவி டிரெய்லர் ஓட்டறேன், விபத்து நடந்த இடத்துல எத்தனையோ தடவை நின்னிருக்கேன். போட்டோக்காரர் வர்றதுக்குள்ள உள்ள மாட்டியிருக்கறவரை எடுக்கறதுக்காகவே டிரெய்லரை அவுத்து இழுத்துப் போட்டிருப்பாங்க. கிரேன்காரர் செயினை வெட்டியிருப்பார். போட்டோவுல தனியா கிடக்குதுங்கறதால மோதறப்பவும் தனியாத்தான் இருந்துச்சுன்னு ஆகாது. நாம இங்க இப்படிச் சொல்லிட்டா அதை நாலு பேர் எடுத்துட்டுப் போய் அந்த டிரைவர் சரியா மாட்டலன்னு எழுதிடுவாங்க, அவர் உயிரோட இருந்தா அதையும் சேத்து சுமக்கணும்.

பெரிய டிரெய்லர் பத்தி யாரும் சொல்லல, அதனால ஒரு வார்த்தை. கிங் பின் 2 இன்ச் தடிமன் இருக்கும், லாரி மேல இருக்கற ஃபிப்த் வீல் தட்டோட தாடை அதைக் கவ்விப் புடிக்கணும். டிரெய்லர் கொஞ்சம் ஒசரமா நின்னா கிங் பின் தாடைக்கு மேலயே ஏறி உக்காந்துக்கும், மாட்டின மாதிரியே இருக்கும், லிவரும் உள்ள போன மாதிரி தெரியும். அதனால மாட்டினதும் டிரெய்லர் பிரேக்கைப் புடிச்சு வெச்சுட்டு முன்னாடி இழுத்துப் பாக்கணும், அதோட விடக் கூடாது, டார்ச் எடுத்துட்டு கீழ குனிஞ்சு பின்னாடியில இருந்து பாக்கணும். தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா மாட்டல. தாடை பின்னோட கழுத்தைச் சுத்தி மூடியிருக்கறது கண்ணால தெரியணும். மழையா இருந்தாலும் நடுராத்திரியா இருந்தாலும் நான் குனியாம வண்டியை எடுத்ததில்ல. எங்க வண்டி கழன்றா ஏர் ஹோஸ் பிச்சுக்கும், காத்து இறங்கினதும் டிரெய்லர் பிரேக் தானா புடிச்சுக்கும், ஓரளவுக்கு நின்னுடும். கார் டிரெய்லருக்கு அந்த வசதி தானா வராது, பிரேக் உள்ள டிரெய்லர்னா கழன்றா பிரேக் போடற அந்த மெல்லிசு வயரைத் தனியா மாட்டணும். அதைப் பால் கழுத்துல சும்மா சுத்தி விடறவங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும், டிரெய்லர் கழன்று மேல எழும்பறப்ப அந்த வயரும் பால் மேல நழுவி வெளிய வந்துடும், ஒண்ணையும் புடிக்காது.


பதில்
எழுதியவர்: பட்டறை மணி

சரியாச் சொன்னீங்க, நான் அவசரப்பட்டுட்டேன். அவுத்துப் போட்டிருக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல. போட்டோ பத்தி நான் சொன்னதை எடுத்துக்காதீங்க தம்பி. மத்தது அப்படியே இருக்கட்டும்.


பதில்
எழுதியவர்: ஒரு அக்கா

நான் இங்க படிக்க மட்டும்தான் வருவேன், எழுதினதில்ல. இதைப் பாத்துட்டு சும்மா போக முடியல.

என் தம்பி இப்படித்தான் இறந்தான். பைக்ல போயிட்டிருந்தான், எதிர்ல வந்த ஒரு வண்டியில இருந்து டிரெய்லர் கழன்று நேரா அவன் பக்கம் வந்துச்சு. மறுநாள் பேப்பர்ல என்ன வந்துச்சு தெரியுமா, அதிவேகமாக வந்த பைக் டிரெய்லர் மீது மோதி வாலிபர் பலி. அவன் மோதினானாம். அவன் அவனோட பக்கத்துல போயிட்டிருந்தான், அது அவன்கிட்ட வந்துச்சு. ஒரு வினைச்சொல்லுல என் தம்பி குற்றவாளி ஆயிட்டான். துக்கம் கேக்க வந்தவங்கள்லயே ரெண்டு பேர் என் அம்மா காதுல விழற மாதிரி இந்தக் காலத்துப் பசங்க வண்டி ஓட்டறது அப்படித்தான்னு சொன்னாங்க. அம்மா அதுக்கப்புறம் அந்தப் பேப்பரை மடிச்சு பீரோவுல வெச்சிருந்தாங்க, எடுத்து எடுத்துப் படிப்பாங்க, வேகமா போயிருப்பானாடின்னு என்னைக் கேப்பாங்க.

ஏழு மாசம் கழிச்சு வண்டியைப் பரிசோதிச்ச அறிக்கை வந்துச்சு. நான் போய்ப் படிச்சேன். கப்ளர் லாக் விழுந்த மாதிரியே இருந்துச்சாம், பால் அதுக்குள்ளயே உக்காந்திருந்துச்சாம். பாலைக் காரோட கம்பியில பூட்டற நட்டு கழன்றிருக்கு. கீழ இருக்கற அந்த ஒரு நட்டு. நட்டு லூஸ் ஆகாம புடிக்கற லாக் வாஷர் வளையம் இல்ல, மரையில துரு ஏறி ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேஞ்சிருந்துச்சுன்னு எழுதியிருந்தாங்க, ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் ஆகியிருக்குன்னு அர்த்தமாம். பைக் வேகம் பத்தி அதுல ஒரு தப்பும் இல்ல.

அந்தச் செய்தியைப் போட்ட இடத்துக்கு ஃபோன் பண்ணேன். பழைய செய்திங்க, இப்ப என்ன பண்ண முடியும்னு கேட்டாங்க. அறிக்கையை அனுப்பினேன், பதில் வரல. இன்னைக்கும் தேடினா அந்தத் தலைப்புதான் வருது.

தம்பி, நீங்க இதைக் கேட்டதுக்கு உங்களுக்குப் புண்ணியமா போகும். செய்தியில யார் யார் மேல மோதினதுன்னு வர்றதை மட்டும் அப்படியே நம்பிடாதீங்க. உங்க வண்டியில அந்த நட்டை ஒரு தடவை பாத்துடுங்க.


பதில்
எழுதியவர்: பட்டறை மணி

அம்மா, என்ன சொல்றதுன்னு தெரியல. அந்த நட்டு விஷயத்தை நான் முதல்லயே எழுதியிருக்கணும், விட்டுட்டேன். சாதா ஸ்பானர்ல கை பலத்துக்கு இறுக்கறது அதுக்குப் பத்தாது, எவ்ளோ டார்க், அதாவது எவ்ளோ முறுக்கு விசையில இறுக்கணும்னு பால் தயாரிச்சவங்க போட்டிருப்பாங்க, டார்க் ரெஞ்ச் வெச்சுத்தான் இறுக்கணும், லாக் வாஷர் இல்லாம மாட்டவே கூடாது. இறுக்கினதும் நட்டுலயும் கம்பியிலயும் சேந்த மாதிரி பெயின்ட்ல ஒரு கோடு இழுத்துடுவேன், கோடு விலகினா நட்டு சுத்தியிருக்குன்னு நின்னு பாத்தாலே தெரிஞ்சுடும்.


பதில்
எழுதியவர்: பழைய டெஸ்க்

அக்கா, நீங்க எழுதினதை நாலு தடவை படிச்சேன். "மீது மோதி"ன்னு எழுதறப்ப யாரை முன்னாடி வெக்கறோம்னு நாங்க யோசிக்கறதே இல்ல, வாக்கியம் ஓட்டமா வருதான்னுதான் பாப்போம். அந்தச் செய்தி இன்னும் தேடினா வருதுன்னா, மறுபடி அனுப்புங்க, ஃபோன்ல இல்ல, எழுத்துல, ஆசிரியர் பேருக்கு. அறிக்கையோட நகல், செய்தி வந்த தேதி, எந்த வரி தப்பு, என்னன்னு மாத்தணும், இது நாலும் ஒரே பக்கத்துல இருக்கட்டும். திருத்தம் கேக்கறதுக்குக் காலாவதி கிடையாது. எழுதறதுக்கு உதவி வேணும்னா தனியா மெசேஜ் பண்ணுங்க, நான் உக்காந்து எழுதித் தர்றேன்.


பதில்
எழுதியவர்: பின்வண்டிக்காரன்

எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நீங்க எழுதினதைப் படிச்ச உடனே டார்ச் எடுத்துட்டு கீழ இறங்கிப் போனேன்.

பால் மேல கிரீஸ் கருப்பா கெட்டியா இருந்துச்சு, துணியால துடைச்சேன், 50-ன்னு அடிச்சிருக்கு, கப்ளர்லயும் 50. அது சரி. நட்டை டார்ச் அடிச்சுப் பாத்தேன், வாஷர் இருக்கு, ஆனா எவ்ளோ இறுக்கம்னு எனக்குத் தெரியாது, காலையில கொண்டு போய்க் காட்டறேன், கோடும் இழுத்து வாங்கிடறேன். செயின்தான்... ஒண்ணு ரொம்ப நீளமா விட்டிருக்கேன், அஞ்சு வருஷமா ரோட்டுல உரசிட்டே வந்திருக்கு போல, கீழ் வளையத்துல ரெண்டு வளையம் ஒரு பக்கம் தேஞ்சு பாதி கூட மிச்சம் இல்ல. கையில புடிச்சுப் பாத்தா பிளேடு மாதிரி இருக்கு. குறுக்க மாத்தியும் போடல, ரெண்டும் நேரா தொங்குது. பிரேக் வயரு பதினெட்டு டயர் அண்ணன் சொன்ன அதே மாதிரி பால் கழுத்துல ஒரு சுத்து. நான்தான் சுத்தினேன், சரின்னு நினைச்சுத்தான் சுத்தினேன்.

வீட்டுல எடை பாக்கற மெஷினைக் கீழ வெச்சு, அது மேல கட்டை நிறுத்தி முன்கம்பியைத் தூக்கி வெச்சுப் பாத்தேன், கார்ல மாட்டறப்ப இருக்கற அதே ஒசரத்துல. போன வாரம் ஏத்தின லோடு அப்படியே இருக்கு, கிட்டத்தட்ட 600 கிலோ வரும், மெஷின் காட்டினது 22. நாலு சதவீதம் கூட இல்ல. கனமான ரெண்டு பெட்டியைப் பின்னாடி இருந்து சக்கரத்துக்கு முன்னாடி நகத்தினேன், 70 காட்டுது. என் கார்ல பால் மேல 75 வரைக்கும் போடலாம்னு புக்ல இருக்கு. போன வாரம் வர்றப்ப ஒரு பஸ் ஓவர்டேக் பண்ணினதும் பின்னாடி லேசா ஒரு ஆட்டம் வந்துச்சு, காத்துன்னு நினைச்சேன்.

செய்தி போட்ட மூணு தளத்துக்கும் எழுதியிருக்கேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கேன், மோதின நேரத்துல டிரெய்லர் வண்டியோட மாட்டியிருந்துச்சா இல்லையா, தெரியலன்னா தெரியலன்னே போடுங்கன்னு. விசாரணை முடிஞ்சதும் அது என்ன சொல்லுதுன்னும் போடச் சொல்லிக் கேட்டிருக்கேன், அதை மறக்காம கேக்கறதுக்கு என் காலண்டர்லயும் ஒவ்வொரு மாசமும் ஞாபகப்படுத்தற மாதிரி வெச்சிருக்கேன்.

புது செயின் வாங்கற வரைக்கும் டிரெய்லரை வெளிய எடுக்கல. பதில் ஏதாவது வந்தா இங்கயே போடறேன்.